மாநில அரசு பாடத்தை உங்கள் சான்றிதழ் கோப்பிலிருந்து தொடங்குங்கள்

தஞ்சைப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு மாநில அரசும் அரசியலும் என்ற தாளைப் பல வருடங்களாக எடுத்து வருகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் நெல் விளையும் ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். பாடம் தொடங்கிய முதல் வாரத்திலேயே நோட்டில் எண்கள் நிரம்பிவிடும்: 153 ஆளுநர், 163 அமைச்சரவை, 168 சட்டமன்றம், 202 பட்ஜெட். தேர்வுக்கு அது கொஞ்சம் உதவும்தான். ஆனால் "சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினால் அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டால் எண் தெரிந்த பிள்ளைக்கும் பதில் வராது.

அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு எண்களை ஓரமாக வையுங்கள். கல்லூரியில் சேரும்போது கொண்டுவந்த பிளாஸ்டிக் கோப்பை எடுங்கள். அதில் இருக்கும் சாதிச் சான்றிதழை மேஜையில் வையுங்கள். பாதிப் பாடம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

முதலில் கீழிருந்து மேலே போவோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தீர்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்தார், வட்ட அலுவலகத்தில் கையொப்பம் ஆனது. பழங்குடியினர் என்றால் வட்ட அலுவலகத்தோடு முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவருக்கு மேல் மாவட்ட ஆட்சியர். ஆட்சியருக்கு மேல் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் வருவாய் நிர்வாக ஆணையர். அதற்கும் மேல் கோட்டையில் துறைச் செயலர், அவருக்கு மேல் அமைச்சர். இந்த வரிசையை ஒரு தாளில் ஏணியாக வரைந்து, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவரா, நியமிக்கப்பட்டவரா' என்று எழுதுங்கள். அமைச்சர் ஒருவரைத் தவிர எல்லாரும் நியமனம் பெற்றவர்கள் என்பது கண்ணில் படும். அந்த ஒருவர் எப்படி மற்ற எல்லோரையும் கட்டுப்படுத்துகிறார் என்ற கேள்வி தானாக எழ வேண்டும். நாடாளுமன்ற முறை அரசாங்கம் என்று புத்தகம் தலைப்புப் போட்டுச் சொல்வது இதைத்தான்.

இப்போது சான்றிதழில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. கூட்டினால் 69. இந்த 69 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அரசாங்கத்தின் ஒவ்வொரு உறுப்பின் வாசலையும் தட்ட வேண்டியிருக்கும். 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி அரசாணை, அதாவது சமூகவாரியாக இடங்களைப் பிரித்துத் தந்த ஆணை. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அது விழுந்ததும், நாட்டின் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 31 விழுக்காடு 50 ஆனது. கருணாநிதி ஆட்சியில் 1989-இல் அந்த 50-இலிருந்து 20 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் தனியே பிரிக்கப்பட்டது. 1992-இல் உச்ச நீதிமன்றம் 50 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்றது. ஜெயலலிதா ஆட்சியில் சட்டமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அது 1994-ஆம் ஆண்டின் 45-ஆம் சட்டமானது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அதை, நீதிமன்றத்தில் எளிதில் விழாதபடி சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. ஒரு தாளுக்குப் பின்னால் மூன்று கட்சிகளின் ஆட்சிகள், அரசாணை, நீதிமன்றம், சட்டமன்றம், குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம் எல்லாம் நிற்கின்றன.

ஒரு படி மேலே போகலாம். ஒரு சமூகத்தை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்க மாநில அரசால் முடியும். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க முடியாது, அதற்கு நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர் சமூகம் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். இங்கே ஆட்சிகள் மாறின, தில்லிக்குக் கடிதங்கள் போயின, கடைசியில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றி 2023 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே குடும்பம், அதே ஊர், அதே தொழில். எந்தப் பட்டியலை யார் திருத்தலாம் என்ற ஒரு விதி அவர்கள் பிள்ளைகளின் படிப்பை அத்தனை காலம் தள்ளிப்போட்டது. மத்திய மாநில அதிகாரப் பங்கீடு என்ற அத்தியாயத்தை வறண்ட பாடம் என்று சொல்லும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியை.

அரசியலமைப்பை எந்த வரிசையில் படிப்பது

மாநிலங்களைப் பற்றிய ஆறாவது பகுதி 152-இலிருந்து 237 வரை ஓடுகிறது. முதல் பிரிவிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படித்தால் பாதியில் தூக்கம் வரும். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் 163, 164. அப்புறம் 162, 166. அப்புறம் 200, 201, 213. கடைசியில் 202-இலிருந்து 207. இந்தப் பத்துப் பதினைந்து பிரிவுகளை மூலத்திலேயே படியுங்கள். கைடு வேண்டாம். தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் அரசு இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் தெம்பு இருக்கும்.

163-ஐப் படிக்கும்போது கூடவே 74-ஐயும் திறந்து வையுங்கள். 74 குடியரசுத் தலைவருக்கு அமைச்சரவை ஆலோசனை சொல்வது பற்றியது, 163 ஆளுநருக்குச் சொல்வது பற்றியது. இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் 163-இல் மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: அரசியலமைப்பின்படி ஆளுநர் தம் விருப்புரிமைப்படி செயல்பட வேண்டிய விஷயங்கள் நீங்கலாக. இந்த நான்கைந்து சொற்களை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். தமிழ்நாட்டிலும் மற்ற மாநிலங்களிலும் ஆளுநர் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்தச் சொற்களைச் சுற்றித்தான் நடந்தன.

இந்தச் சண்டை புதிதல்ல என்பதற்கு 1952-ஐப் பாருங்கள். அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள், காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து ஆட்சி உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். குடியரசின் முதல் பொதுத் தேர்தல் முடிந்த கையோடு நடந்தது இது. 'ஆளுநர் யாரை முதலில் அழைக்க வேண்டும்' என்று தேர்வில் கேட்டால், இந்த நிகழ்வை எழுதாத விடைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

கருணை மனு பற்றிய 161-ஐயும் ஒரு வழக்கோடு சேர்த்தே படியுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. முடிவு வராமல் நாள் ஓடியது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, முழுமையான நீதி வழங்க அதற்கு அதிகாரம் தரும் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி விடுதலை செய்தது. அந்த வழக்கின் மூலக் குற்றத்தைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். 161-ஐ விளக்கும்போது அந்தக் கருத்து விடைத்தாளுக்குள் வரத் தேவையில்லை.

ஒரு மசோதாவின் பின்னால் நடந்து போங்கள்

செமஸ்டருக்கு ஒரே ஒரு மசோதாவைத் தேர்ந்தெடுத்து, அதன் தேதிகளை ஒரு பக்கத்தில் எழுதுவது என் வகுப்பில் கட்டாயம். ஜல்லிக்கட்டை எடுக்கலாம், நீட் விலக்கை எடுக்கலாம். பாடத்துக்கு மிகவும் தோதாக இருப்பது இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் என்பேன்.

சூதாட்டமும் பந்தயமும் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனம். எனவே சட்டமியற்றும் உரிமை சட்டமன்றத்துக்கு உண்டு. 2022 அக்டோபர் தொடக்கத்தில் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார், இது 213. அதே மாதம் 19-ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே ஆளுநர் மாளிகையில் மசோதா மாதக்கணக்கில் இருந்தது. 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டது. சட்டமன்றம் மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7 அன்று ஒப்புதல் கிடைத்தது. திருப்பி அனுப்பி மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று 200-இன் முதல் வரம்புரை (பிரிவோடு சேர்ந்த நிபந்தனை வாசகம்) சொல்வதை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

கதை அதோடு முடியவில்லை. விளையாட்டு நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் போயின. 2023 நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளோடு சேர்த்ததை மட்டும் நீக்கியது. திறமை விளையாட்டா, சூதாட்டமா என்ற வேறுபாடு அங்கே மையமானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. மாநிலப் பட்டியலில் இருக்கும் ஒரு விஷயத்தில் மத்திய அரசு எந்த வழியாக உள்ளே வந்தது? அதைத்தான் நான் மாணவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வேன். விடையை இங்கே சொல்லிவிட்டால், அதிகாரப் பட்டியல்கள் இருக்கும் ஏழாவது அட்டவணையை நீங்கள் திறக்க மாட்டீர்கள்.

200-ஆவது பிரிவைப் பற்றி எழுதும்போது புத்தகம் அச்சான ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தமிழக ஆளுநர் நிறுத்திவைத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று சொல்லி, ஆளுநருக்குக் காலக்கெடுவும் வகுத்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு வகுக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று கருத்துரைத்தது. காரணம் சொல்லாமல் காலவரையின்றி இழுத்தடித்தால் முடிவெடுக்கும்படி சொல்ல நீதிமன்றத்துக்கு இடமுண்டு என்றும் சேர்த்துச் சொன்னது. ஏப்ரலில் வந்ததை மட்டும் எழுதினாலும் தவறு, எதையும் எழுதாமல் பழைய கைடைப் பின்பற்றினாலும் தவறு.

அரசாணை படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அரசாணை என்ற சொல்லைக் கேட்காத தமிழர் இல்லை. முழுசாக ஒன்றைப் படித்தவர்கள் குறைவு. துறை இணையதளத்தில் போய் பள்ளிக் கல்வித் துறையின் ஏதாவது ஓர் அரசாணையை இறக்கி, அச்செடுத்து வாருங்கள்.

மேலே 'சுருக்கம்' என்று தொடங்கும். ஒரே நீண்ட வாக்கியத்தில் பொருள் என்ன, என்ன ஆணை வெளியிடப்படுகிறது என்று இருக்கும். அதன் கீழே துறையின் பெயர், ஆணை எண், நாள், கூடவே திருவள்ளுவர் ஆண்டு. அப்புறம் 'படிக்கப்பட்டவை'. இந்த இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். இந்த ஆணைக்கு முன்னால் வந்த அரசாணைகள், இயக்குநர் எழுதிய கடிதம், பேரவையில் அமைச்சர் வெளியிட்ட அறிவிப்பு எல்லாம் தேதியோடு அங்கே இருக்கும். ஒரு முடிவு யாரிடமிருந்து கிளம்பி எத்தனை மாதத்தில் ஆணையானது என்பதை அந்த நாலு வரியில் கணக்குப் போடலாம். அடுத்து 'ஆணை' என்ற தலைப்பு. அதில் கடைசிப் பத்திகளில் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைக்கப்படும், நிதித் துறை எந்த எண்ணில் இசைவு தந்தது என்று வரும். நிதித் துறையின் இசைவு இல்லாமல் காசு செலவாகும் எந்த ஆணையும் வெளியே வராது. முடிவில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று போட்டு அரசுச் செயலர் கையொப்பம் இருக்கும். ஆளுநர் அந்தத் தாளைப் பார்த்திருக்கவே மாட்டார். நிர்வாக நடவடிக்கை எல்லாம் ஆளுநர் பெயரில்தான் நடக்க வேண்டும் என்று 166 சொல்கிறது, அவ்வளவுதான். கீழே 'பெறுநர்' பட்டியல். அது முழுவதையும் படியுங்கள். யார் யாருக்கு நகல் போகிறது என்பதில்தான் ஆணையை யார் செயல்படுத்தப் போகிறார்கள் என்பது தெரியும்.

அரசாணைக்கும் சட்டத்துக்கும் என்ன உறவு என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதாவைச் சட்டமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஒப்புதல் வரவில்லை. கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று மாநில அரசு 162-ஆவது பிரிவின் கீழ் அரசாணையாகவே வெளியிட்டுவிட்டது. மறுநாள் ஆளுநரின் ஒப்புதலும் வந்தது. சட்டமன்றம் சட்டமியற்றக்கூடிய விஷயங்கள் எல்லாவற்றுக்கும் மாநில நிர்வாக அதிகாரமும் நீளும் என்று 162 சொல்வதை, அந்த இரண்டு நாட்கள் எந்தப் பேராசிரியரையும்விட நன்றாக விளக்குகின்றன. அந்த ஒதுக்கீட்டில் டாக்டருக்குப் படிக்கப் போன பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலேயே இருப்பார்கள். என் மாணவர்கள் இந்தப் பகுதியை எழுதும்போது மட்டும் கையெழுத்துகூட அழகாக வரும்.

சட்டமன்றத்தைப் படிப்பது

கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் செய்தித்தாளில் வெளிநடப்புப் படங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். துறைவாரியாகச் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும் வாரங்களில் ஒவ்வொரு துறையும் 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்று ஒரு புத்தகம் வெளியிடும். அமைச்சர் பேரவையில் வைப்பது. துறையில் எத்தனை பணியிடங்கள், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, போன ஆண்டு என்ன நடந்தது என்பதெல்லாம் தமிழிலேயே இருக்கும். இவ்வளவு விவரம் இலவசமாகக் கிடைப்பது தெரியாமலேயே நம் பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். ஆளுக்கொரு துறை என்று பிரித்துக்கொண்டு ஒரு குறிப்பையாவது முழுசாகப் படியுங்கள். பெருமைக்காக எழுதப்பட்ட பகுதி எது, எண்ணிக்கை சொல்லும் பகுதி எது என்று பென்சிலால் பிரியுங்கள்.

பேரவை விதிகளில் வரும் விதி 110 என்ற சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதியின் கீழ் முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படித்தால் அதன்மீது விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்தில் பெரிய அறிவிப்புகள் பலவும் இந்த வழியில் வந்தன. அறிவிப்பு வந்த நாளுக்கும் அரசாணை வந்த நாளுக்கும் இடைவெளி என்ன என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

மேலவை பற்றிச் சுருக்கமாகத் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் 1986-இல் ஒழிக்கப்பட்டது. 2010-இல் மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றம்வரை போய்ச் சட்டமும் ஆனது, 2011-இல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. அமைச்சரவையின் அளவுக்கு ஒரு கணக்கு: மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, 234-க்கு அது 35.

காசு எங்கிருந்து வருகிறது

பட்ஜெட் என்றதும் மாணவர்கள் பயப்படுவார்கள். ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு 15-ஆவது நிதிக்குழு சொன்னபடி, பகிர வேண்டிய மத்திய வரியில் 100 ரூபாய்க்கு 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்கும் போகும். அந்த 41-இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. பெருக்கினால் ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு. மத்திய அரசு செஸ், கூடுதல் வரி என்று வசூலிப்பது இந்த 100-க்குள்ளேயே வராது. இந்தக் கணக்கு கையில் இருந்தால் மேடையில் இரண்டு தரப்பும் பேசும் நிதிப் பேச்சை நீங்களே எடை போடலாம். மற்றபடி மாநிலத்தின் சொந்த வரியைத்தான் அரசு பெரிதும் நம்பியிருக்கிறது: ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல் மற்றும் மதுவின் மீதான வரி, பத்திரப் பதிவு, வாகன வரி. பெட்ரோலும் மதுவும் 2017-இல் ஜிஎஸ்டிக்குள் போகவில்லை என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மத்திய மாநில உறவைச் சொல்லித்தர நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைவிடச் சிறந்த இடம் கிடையாது. நிலையத்தை நடத்துவது மாநில அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம். விலையை அறிவிப்பது மத்திய அரசு. 2025-26 பருவத்தில் சாதாரண ரகக் குவிண்டாலுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய், மாநில அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் வரையறை. குறுவை அறுப்பு நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நெல் சாலையோரம் நனைந்து முளைக்கும். மாநில அரசு 22 விழுக்காடு வரை தளர்த்தச் சொல்லித் தில்லிக்கு எழுதும். அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். அந்த நாட்களில் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாயோடு நிற்கும் அப்பாவிடம், வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14-ஆவது இனம், உணவுப் பொருள் வணிகம் இரண்டு அரசுகளும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 33-ஆவது இனம் என்று ஒரு பெண் போய் விளக்கிவிட்டு வந்து எனக்குச் சொன்னாள். "அப்ப யாருகிட்ட கேக்கணும்?" என்று அவர் கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்கு இரண்டு பக்கம் எழுத முடிந்தால் உங்களுக்குக் கூட்டாட்சி புரிந்துவிட்டது.

கட்சிகளும் தேர்தலும்

முதலமைச்சர்களின் பெயர்களை ஆண்டுகளோடு ஒப்பிப்பது போட்டித் தேர்வுக்குப் பயன்படும். இந்தத் தாளுக்கு நாலு தேர்தல்களை ஆழமாகப் படித்தால் போதும்: 1952, 1967, 1977, 2006. முதலாவதை மேலே சொன்னேன். 1967-இல் காங்கிரஸ் ஆட்சி இழந்தது, அதற்கப்புறம் தேசியக் கட்சி எதுவும் தனித்து இங்கே ஆட்சிக்கு வரவில்லை. அந்த ஆட்சி ஜூலையில் பெயர் மாற்றத் தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14-இல் மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதே 1969-இல் மாநில சுயாட்சியை ஆராய ராஜமன்னார் குழு அமைந்தது, 1971-இல் அறிக்கை தந்தது. 1977-க்கு முன்னால் 1976 ஜனவரி 31-இல் நடந்த ஆட்சிக் கலைப்பைப் படிக்க வேண்டும். மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் 356 எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதற்கு 1991 ஜனவரியும் முக்கியம். ஆளுநர் பர்னாலா கலைக்கப் பரிந்துரைக்கும் அறிக்கை தர மறுத்தார், ஆனாலும் ஆட்சி கலைக்கப்பட்டது. 1994-இல், 356-ஐப் பயன்படுத்தியது சரியா என்று நீதிமன்றம் ஆராயலாம் என்ற பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு தமிழ்நாட்டில் அப்படிக் கலைப்பு நடக்கவில்லை.

2006-ஐ ஏன் சொல்கிறேன் என்றால், திமுகவுக்கு அப்போது கிடைத்தவை 96 இடங்கள், தேவை 118. காங்கிரசின் 34 பேர் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகள் வெளியிலிருந்து ஆதரவு தர, அமைச்சரவை திமுகவுடையதாக மட்டுமே இருந்து ஐந்தாண்டும் ஓடியது. கூட்டணியாக வாக்குக் கேட்டு ஒரு கட்சியாக ஆட்சி நடத்தும் இந்தப் பழக்கத்தைக் கேரளத்தோடு ஒப்பிட்டு எழுதினால் நல்ல கட்டுரை கிடைக்கும்.

வகுப்பில் எல்லோர் வீட்டிலும் ஒரு கட்சி இருக்கும், எல்லோருக்கும் ஒரு சாதி இருக்கும். அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் வாதத்தை, அந்தக் கட்சிக்காரர் படித்தால் 'ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதிக் காட்டுங்கள். அப்புறம் மறுத்து எழுதுங்கள். இந்தத் தாளில் இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது.

கிராம சபைக்குப் போங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் ஏதாவது ஒரு நாள் உங்கள் செமஸ்டருக்குள் வரும். அன்று விடுமுறையாக இருந்தாலும் தூங்காமல் உங்கள் ஊராட்சியின் கூட்டத்துக்குப் போங்கள். தலைவர் நடத்துகிறாரா, தனி அலுவலர் நடத்துகிறாரா என்று முதலில் குறியுங்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-இலிருந்து 2019 வரையும் இதே நிலைதான். தேர்தலை நடத்த வேண்டியது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்றத் தேர்தலை நடத்தும் தேர்தல் ஆணையம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பாத விடைத்தாள் அபூர்வம்.

கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது எத்தனை பேர் கேட்டார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எழுந்து பேசினார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எப்போது வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். எழுந்து கேளுங்கள். உங்களுக்கு 18 வயது ஆகிவிட்டது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, கிராம சபையில் நீங்கள் உறுப்பினர். வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல.

தேர்வுக்கு முந்தின வாரம்

பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒரு பிரிவு எண், ஒரு நிகழ்வு, ஒரு தீர்ப்பு, ஓர் எதிர்வாதம் என்று நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆளுநரின் அதிகாரங்களை விவரி' என்று வந்தால் நிர்வாகம், சட்டமியற்றல், நிதி, நீதி என்று நாலு தலைப்புப் போட்டு நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு தலைப்பின் கீழும் அந்த அதிகாரத்தை உண்மையில் செலுத்துவது யார் என்று ஒரு வரி சேருங்கள். திருத்துகிறவர் அங்கே நின்று படிப்பார்.

தனியாகப் படிக்காமல் ஆறேழு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் ஆளுநர், ஒருவர் முதலமைச்சர், ஒருவர் பேரவைத் தலைவர், ஒருவர் நிதிச் செயலர், ஒருவர் எதிர்க்கட்சித் தலைவர், ஒருவர் நீதிபதி. உங்கள் ஊருக்குத் தேவையான ஒரு சட்டத்தை நீங்களே யோசித்து, அது எந்தப் பட்டியலில் வருகிறது என்று பார்ப்பதில் தொடங்கி, கெஜட்டில் வெளியாகும்வரை நகர்த்துங்கள். ஒவ்வொருவரும் தம் கையில் தாள் வரும்போது 'இந்தப் பிரிவின்படி நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆளுநராக இருப்பவர் ஒருமுறையாவது திருப்பி அனுப்பட்டும், நிதிச் செயலர் காசு எங்கே என்று கேட்கட்டும். தடுமாறும் இடத்தில் புத்தகத்தைத் திறந்து, பிரிவைச் சத்தமாகப் படித்து, மறுபடி அங்கிருந்தே தொடருங்கள்.